தேக்கு இலை உதிரும்போது அதிலிருந்த தழைச்சத்து எங்கே போகிறது? சருகு, கவாத்து, யூரியா பற்றிச் சில கேள்விகள்

செம்மண்நிலம்:

வணக்கம். இரண்டு ஏக்கர் செம்மண்ணில் 4 வயதுத் தேக்கு நிற்கிறது. இடைவெளி 3 மீட்டருக்கு 3 மீட்டர். மண்ணின் கார அமில நிலை 7.8. வரப்போரம் கொஞ்சம் வேங்கையும் புளியும் உண்டு. நெல்லுக்கும் கரும்புக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) எப்போது, எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மரத்துக்குக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது.

காட்டுக்கு யாரும் யூரியா போடுவதில்லை, ஆனாலும் மரம் வளர்கிறது. அந்தத் தழைச்சத்து எங்கிருந்து வருகிறது? இலை பழுக்கும்போது மரம் சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்கிறார்களே, எவ்வளவு இழுக்கிறது, எந்த இடத்தில் வைக்கிறது? அப்படியானால் கவாத்து, அதாவது கிளை கழித்தல், எந்த நேரத்தில் செய்தால் நஷ்டம் குறைவு? சருகை எரித்தால் சாம்பல் உரமாகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், அது சரியா? வரப்பில் உள்ள வேங்கையும் புளியும் தேக்குக்குத் தழைச்சத்து தருமா?

மண்ணும்வேரும்:

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். மரத்துக்குள் நடப்பதை விவரமாகச் சொல்ல இங்கே வேறு ஆள் இருக்கிறார்கள்.

மழையோடும் தூசியோடும் காட்டுக்கு வந்து சேரும் தழைச்சத்து, காற்று மாசில்லாத இடங்களில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சில கிலோதான். நுண்ணுயிரிகள் காற்றிலிருந்து பிடித்துத் தருவது இன்னும் கொஞ்சம். ஆனால் தேவையைக் கணக்குப் பாருங்கள். ஹெக்டேருக்கு 5 டன் உலர்ந்த இலை உள்ள தோப்பில், இலையில் 2 சதவீதம் என்று வைத்தாலே 100 கிலோ தழைச்சத்து ஆகிறது. வரவுக்கும் தேவைக்கும் நடுவே உள்ள இந்தப் பெரிய பள்ளத்தை நிரப்புவது பழைய சத்தின் சுழற்சி. ஒரு சுற்று மரத்துக்குள்ளேயே நடக்கிறது: இலையிலிருந்து பட்டைக்கு, பட்டையிலிருந்து அடுத்த கொழுந்துக்கு. இன்னொன்று வெளியே நடக்கிறது: சருகு, மட்கு, வேர், மறுபடி இலை. நாம் தோப்பில் செய்யும் எந்த வேலையையும் இந்த இரண்டில் எதை அறுக்கிறது என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

மண்ணில் உள்ள மொத்தத் தழைச்சத்தில் 95 சதவீதத்துக்கு மேல் மட்கிலும் நுண்ணுயிர் உடலிலும் கட்டுண்டு கிடக்கிறது. அதில் ஆண்டுக்கு 1 முதல் 3 சதவீதம் வரைதான் அம்மோனியமாக அவிழும். ஈரமும் வெப்பமும் சேர்ந்திருக்கும் வாரங்களில்தான் இது வேகமாக நடக்கும். கோடையில் சருகு காய்ந்து கிடந்தால் ஏறத்தாழ நின்றுவிடும்.

வேர் எடுக்கும் வடிவம் மூன்று. அம்மோனியம் களிமண் துகளில் ஒட்டிக்கொள்ளும், சில மில்லிமீட்டருக்கு மேல் நகராது. அதனால் வேர்தான் அதைத் தேடிப் போயாக வேண்டும். நைட்ரேட் தண்ணீரோடு ஓடும். மரம் நீர் இழுக்கும்போது வேருக்கு வந்து சேரும், கனமழையில் வேருக்குக் கீழேயும் இறங்கிவிடும். மூன்றாவது, அமினோ அமிலம். மட்கு கனிமமாக மாறிய பிறகே மரம் எடுக்கும் என்றுதான் நெடுநாள் பாடம் இருந்தது. வட ஸ்வீடனின் ஊசியிலைக் காட்டில் கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் தனித்தனி அடையாளம் இட்ட கிளைசின் என்ற அமினோ அமிலத்தை மண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். பைனும் ஸ்புரூசும் அதில் ஒரு பகுதியை உடைக்காமல் முழு மூலக்கூறாகவே உறிஞ்சியிருந்தன. முடிவு 1998இல் வெளிவந்தது. குளிர்ந்த, மட்குவது மந்தமான காடுகளில் இந்த வழிக்கு முக்கியத்துவம் அதிகம்.

உங்கள் தோப்புக்கு நேரடியாக உதவும் வேறுபாடு ஒன்று உண்டு. பைன், சால் போன்ற மரங்களின் வேர்நுனியை வெளியே உறைபோல மூடும் பூஞ்சைகளில் பல, சருகுப் புரதத்தை நொதி சுரந்து தாமே உடைத்து மரத்துக்குக் கொடுக்கும். தேக்கு, மகோகனி, வேம்பு ஆகியவற்றில் இருப்பது வேரின் உயிரணுவுக்குள் நுழையும் வேர் உட்பூசணம். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டு வருவதில் அது கெட்டி, மட்கை உடைப்பதில் வலு குறைவு. ஆகவே தேக்கு, மற்ற நுண்ணுயிரிகள் சருகை அவிழ்த்துத் தருவதையே பெரிதும் நம்பி இருக்கிறது. சருகைக் கலைக்காமல் ஈரமாக வைத்திருப்பதன் பலன் தேக்கில் கண்கூடாகத் தெரியும்.

சத்தை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், சருகுக்கு அடியில்தான் இருக்கும். 3ஆம் ஆண்டுக்குப் பிறகு வரிசைக்கு நடுவே ஆழமாகச் சட்டிக்கலப்பை ஓட்டினால் அந்த வலையைத்தான் அறுக்கிறீர்கள். களைக்கு வெட்டிப் போடுவதே போதும்.

பட்டைக்குள்:

இலையின் தழைச்சத்தில் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக் கருவிகளில் இருக்கிறது. ருபிஸ்கோ என்ற ஒரே ஒரு நொதியிலேயே ஏறத்தாழ கால்பங்கு. இலை பழுக்கத் தொடங்கும்போது மரம் இந்தப் புரதங்களை உடைத்து குளுட்டமின், அஸ்பாரஜின் ஆகியவையாக மாற்றி உள்பட்டை வழியே வெளியேற்றுகிறது. இலை மஞ்சளாவது அந்த வேலை நடப்பதன் அடையாளம். பல மர இனங்களில் அளந்து பார்த்ததில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே திரும்பியிருக்கிறது.

எங்கே போகிறது என்று கேட்டீர்கள். கிளை, தண்டு, வேர் இவற்றின் உள்பட்டையிலும், வெளிமரத்தில் (பட்டைக்கு அடுத்து உள்ளே இருக்கும் வெளிறிய மரப்பகுதி) உள்ள உயிருள்ள கதிர்த் திசுக்களிலும். அங்கே சேமிப்புப் புரதமாகச் சிறு குமிழ்களுக்குள் அடைத்து வைக்கப்படுகிறது. பாப்லர் மரத்தின் பட்டையில் இரண்டு புரதங்கள் குளிர்காலத்தில் குவிந்து, வசந்தத்தில் மறைவதை 1980களின் கடைசியிலிருந்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மகோகனியிலும் ரப்பரிலும் இதே வகைப் புரதங்கள் உண்டு. இன்னொரு வடிவம் ஆர்ஜினின். 6 கரிமத்துக்கு 4 நைட்ரஜன், கரிமச் செலவு குறைவான சேமிப்பு. பைன் போன்ற பசுமைமாறா மரங்கள் முந்தைய ஆண்டு ஊசியிலையையே கிடங்காக வைத்துக்கொள்கின்றன. தேக்கின் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், சேமிப்பு கிடையாது, அது உயிரற்றது. வெளிமரம் வைரமாக மாறும்போதே மரம் அங்கிருந்த தழைச்சத்தை உருவி எடுத்துக்கொள்ளும்.

சேமித்ததைச் செலவழிக்கும் விதம்தான் விவசாயிக்கு முக்கியம். நைட்ரஜன் 15 என்ற கனமான நைட்ரஜனை ஓராண்டு உரத்தில் கொடுத்து, அடுத்த ஆண்டு சாதாரண நைட்ரஜன் கொடுத்தால், கொழுந்தில் எது பழசு, எது புதுசு என்று பிரித்துவிடலாம். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பீட்டர் மில்லார்டும் அவரது குழுவும் இந்த முறையில் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். பல இலையுதிர் மரங்களில் முதல் சில வாரக் கொழுந்து பெரும்பாலும் பழைய சேமிப்பிலிருந்தே வருகிறது. வேர் அதன் பிறகே மண்ணிலிருந்து கணிசமாக இழுக்கத் தொடங்குகிறது. எனவே துளிர் வரும் வாரத்தில் போடும் உரம் அந்தத் துளிருக்கு அதிகம் உதவாது. இந்த ஆண்டுத் துளிரின் அளவு போன ஆண்டு மரம் எவ்வளவு சேமித்தது என்பதைப் பொறுத்தது.

தேக்கில் இதைக் கெடுக்கும் முதல் எதிரி இலை தின்னும் புழு, ஹிப்லியா பியூரா. கோடை மழையில் வரும் இளந்துளிரை, அதாவது சேமிப்பு முழுவதும் மேலே ஏறி நிற்கும் நேரத்தில், அது மொட்டையடிக்கிறது. மரம் மறுபடி துளிர்க்க மிச்சமுள்ள இருப்பைத் தோண்ட வேண்டியிருக்கிறது. கேரளத்தின் நிலம்பூரில் நடந்த ஆய்வில், இந்தப் புழு இளந்தேக்கின் சாத்தியமான கன அளவு வளர்ச்சியில் 44 சதவீதத்தை இழக்க வைப்பதாகக் கண்டார்கள். புழுவின் எச்சத்தோடு தழைச்சத்து மண்ணுக்குத் திரும்புவது உண்மைதான். ஆனால் அது களைக்கும் நுண்ணுயிருக்கும் போன மிச்சமாகத்தான் மரத்துக்கு வரும்.

கவாத்து: இலை முழுவதும் உதிர்ந்த பிறகு, மொட்டு பருக்கத் தொடங்கும் முன். தமிழ்நாட்டுச் சமவெளியில் அது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச். பச்சை இலையோடு கிளையை வெட்டினால் திரும்ப வேண்டிய சத்தும் அதோடு போகும்; மழைக்காலத்தில் வெட்டினால் தண்டு முழுக்கப் பக்கத்துளிர் கிளம்பி மிச்ச இருப்பையும் தின்னும். உயிருள்ள தழைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்க வேண்டாம். கிளை 2, 3 சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டும் முன்பே, கிளைக் கழுத்தை (கிளை தண்டோடு சேரும் தடித்த வளையம்) ஒட்டி, பட்டை கிழியாமல் வாளால் அறுங்கள். உள்பட்டைதான் சத்து நகரும் பாதை. அரிவாள் கொத்தில் தண்டைச் சுற்றிப் பட்டை போனால், மேலே இருப்பது கீழே வராது.

ஒன்று கவனியுங்கள்: வறட்சியில் இலை திடீரென்று கருகினாலோ, காற்றில் பச்சையாகக் கிழிந்து விழுந்தாலோ மரத்துக்குச் சத்தை இழுத்துக்கொள்ள அவகாசம் இருக்காது. பச்சையும் பழுப்புமாக இலை கொட்டிய ஆண்டுக்கு அடுத்த துளிர் மெலிந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

நாற்றங்கால்:

வேங்கை உங்களுக்கு உதவும், புளி உதவாது. அவரைக் குடும்பம் என்றாலே, காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர் குடியிருக்கும் வேர்முடிச்சு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். புளி, சரக்கொன்றை, மந்தாரை ஆகியவற்றில் முடிச்சு வருவதில்லை. வேங்கை, ஈட்டி, வாகை, புங்கன், கிளைரிசிடியா, அகத்தி ஆகியவற்றில் வரும். சவுக்கு அவரைக் குடும்பமே இல்லை. அதில் பிராங்கியா என்ற வேறு நுண்ணுயிர் முடிச்சு போடுகிறது, பவளம்போல் கிளைத்துக் கட்டையாக இருக்கும்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க மழை பெய்து சில வாரம் கழித்து 5 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் நுண்வேரைத் தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். அவரைக் குடும்ப மரத்தில் உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. பச்சை, சாம்பல், பழுப்பு என்றால் நின்றுவிட்டது. சவுக்கு முடிச்சுக்கு இந்த நிறச் சோதனையை நம்ப முடியாது. நுனி வெளிறி, புதிதாக வளர்ந்திருந்தால் நல்லது.

முடிச்சு வராததற்கு நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். மண்ணில் நைட்ரேட் அதிகம் இருப்பது முதலாவது. யூரியா போட்ட இடத்தில் மரம் முடிச்சுக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும். ஒரு மூலக்கூறு நைட்ரஜனைப் பிடிக்க உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி 16 செலவாகிறது, சும்மா கிடைக்கும்போது எந்த மரமும் அதைச் செய்யாது. இரண்டாவது மணிச்சத்துப் பற்றாக்குறை. மூன்றாவது மாலிப்டினம் என்ற நுண்சத்தின் குறை, இது அமில மண்ணில்தான் பிரச்சினை, 7.8இல் உங்களுக்குக் கவலை இல்லை. நான்காவது, உரிய நுண்ணுயிர் மண்ணில் இல்லாமை. சவுக்கே இல்லாத ஊரில் சவுக்கு நாற்று விட்டால் இது நடக்கும். அதற்கு நோயற்ற பழைய சவுக்குத் தோப்பிலிருந்து புதிய முடிச்சை எடுத்துக் கழுவி, நசுக்கி, தண்ணீரில் கலந்து நாற்றின் வேரடியில் ஊற்றுவது பழைய முறை. வாடல் நோய் உள்ள தோப்பிலிருந்து எடுத்தால் நோயும் சேர்ந்து வரும், அதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

வேங்கை பிடித்த சத்து நேராகத் தேக்கு வேருக்குப் போவது சொற்பம். இலையும் நுண்வேரும் விழுந்து மட்கிய பிறகே கைமாறும். அதை விரைவுபடுத்த வரிசை நடுவே தழைக்காக கிளைரிசிடியா நடலாம். அதன் தழையில் 3 முதல் 4 சதவீதம் தழைச்சத்து, ஈரம் இருந்தால் சில வாரங்களிலேயே மட்கிவிடும். தேக்கு துளிர்த்து இலை விரிந்து வேர் சுறுசுறுப்பான பிறகு வெட்டிப் போடுங்கள். மொட்டை மரத்தடியில் ஜனவரியில் போட்டால் எடுக்க ஆளில்லை.

செம்மண்நிலம்:

மூவருக்கும் நன்றி. புளியில் முடிச்சு கிடையாது என்பது புதுச் செய்தி. இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். சருகு எரிப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்து அறுவை மில்லில் மரத்தூள் இலவசமாகக் கிடைக்கிறது, போடலாமா? யூரியா போட்டே ஆக வேண்டுமென்றால் எப்படி?

மண்ணும்வேரும்:

எரிக்காதீர்கள். தழைச்சத்து சுமார் 200 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். நன்றாக எரிந்த சாம்பலில் சுண்ணாம்பு, சாம்பல்சத்து (பொட்டாஷ்), கொஞ்சம் மணிச்சத்து இருக்கும். தழைச்சத்து ஏறக்குறைய இருக்காது. 5 டன் சருகில் 1 சதவீதம் என்றால் 50 கிலோ தழைச்சத்து, அதாவது சுமார் 109 கிலோ யூரியாவுக்குச் சமம். உங்கள் மண் ஏற்கெனவே காரம். சாம்பல் அதை இன்னும் ஏற்றும். எரித்த பின் மழைக்குப் புல் பச்சைப்பசேலென்று வருவதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சூட்டில் செத்த நுண்ணுயிர்களிலிருந்தும், சுட்ட மட்கிலிருந்தும் ஒரே தடவையாக வெளிப்பட்ட அம்மோனியம் அது. ஒரு பருவத்தோடு முடியும். தீத் தடுப்புக்காக வரப்போரம் 3 மீட்டர் அகலத்துக்குச் சருகை உள்ளே வாரித் தள்ளுங்கள், அது வேறு விஷயம்.

மரத்தூள்: மண்ணோடு கலக்கவே கூடாது. அதில் கரிமம் 400 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு என்ற கணக்கில் இருக்கும். 25, 30 பங்குக்கு மேல் போனாலே நுண்ணுயிர்கள் மட்கவைக்க மண்ணிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். 100 கிலோ உலர்ந்த மரத்தூள் மட்கி முடிய 1 முதல் 1.5 கிலோ தழைச்சத்து, அதாவது 2 முதல் 3 கிலோ யூரியா, கடன் வாங்கும். மாதக்கணக்கில் மரம் வெளிறி நிற்கும். மேலே மூடாக்காக, 5 சென்டிமீட்டர் கனத்துக்கு, தண்டைத் தொடாமல் பரப்பினால் பெரிய தீங்கில்லை. தூளும் மண்ணும் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே அந்தப் பறிப்பு நடக்கும். கிளைரிசிடியா தழையோடு குவித்து ஓராண்டு மட்கவைத்துப் போடுவது அதைவிட மேல்.

யூரியா: காரமண்ணின் மேல் தூவினால் சில நாளில் கணிசமான பங்கு அம்மோனியா வாயுவாகப் போகும். 4 வயது மரத்துக்கு ஆண்டுக்கு 100 கிராமைத் தாண்ட வேண்டியதில்லை. இரண்டாகப் பிரித்து, தண்டிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி, சருகை ஒதுக்கி, 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழக் காடியில் போட்டு மூடி, அன்றே நீர் விடுங்கள். முதல் தவணை இலை முழுதாக விரிந்த பின். இரண்டாவது, இலை பழுக்க இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது. அடுத்த ஆண்டுக்கான சேமிப்புக்குப் போவது அதுதான். மொட்டை மரத்துக்கு வேண்டாம்.

போட்டதெல்லாம் மரத்துக்குப் போகும் என்ற எண்ணமும் வேண்டாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 9 காடுகளில் நைட்ரஜன் 15 கொண்டு பின்தொடர்ந்ததில், வந்து சேர்ந்த நைட்ரஜனில் ஏறத்தாழ 20 சதவீதமே மரத்தில் சேர்ந்தது, சுமார் 70 சதவீதம் மண்ணில் தங்கியது. அதனால்தான் மண்ணில் தங்கியதைக் காப்பாற்றுவது முக்கியமாகிறது. அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில் 1965இல் ஒரு ஓடையின் முழு நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த மரங்களை வெட்டிச் சாய்த்து, மரத்தை வெளியே எடுக்காமல், களைக்கொல்லியால் மறுவளர்ச்சியையும் தடுத்தார்கள். ஓடையில் நைட்ரேட் செறிவு முதல் ஆண்டில் 41 மடங்கும் அடுத்த ஆண்டில் 56 மடங்கும் ஏறியது. சத்தைத் தேக்கி வைத்திருந்தது உயிருள்ள வேர். களையை அடியோடு கொன்று மண்ணை மொட்டையாக வைக்கும் தோப்புக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பட்டைக்குள்:

அறுவடையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 100 டன் உலர்ந்த அடிமரத்தில் 0.1 சதவீதம் என்றால் 100 கிலோ தழைச்சத்து. வெறும் 5 டன் பச்சை இலையிலும் அதே 100 கிலோ. பட்டை 10 டன்னில் 0.5 சதவீதம் என்றால் 50 கிலோ. ஆகவே மரத்தை விற்பது நிலத்தை அவ்வளவாக வறுமையாக்காது. தழை, சுள்ளி, பட்டை எல்லாவற்றையும் வண்டியேற்றுவதுதான் வறுமையாக்கும். இலையற்ற நாளில் வெட்டி, பட்டையை அங்கேயே உரித்துப் போடுங்கள்.

உரம் தேவையா என்று உறுதி செய்ய இலைச் சோதனை செய்யலாம். மழைக்கால நடுவில், மேல் தழைப்பரப்பில் வெயில் படும் கிளையில், முழுதாக முதிர்ந்த இளம் இலைகளை 10 மரங்களிலிருந்து எடுத்துச் சேர்த்து, 65 முதல் 70 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி, கெல்டால் என்ற ஆய்வக முறையில் தழைச்சத்து பார்க்கச் சொல்லுங்கள். நிழலிலுள்ள கீழ் இலையைக் கொடுத்தால் மரம் பட்டினி என்று தவறான முடிவு வரும். மரம் எவ்வளவு திரும்ப இழுக்கிறது என்று அறிய வேண்டுமானால் பச்சை இலையிலும், தொட்டால் உதிரும் மஞ்சள் இலையிலும் ஒரே அளவு வட்டத் துண்டுகள் வெட்டி, பரப்புக்குக் கணக்கிடுங்கள். எடைச் சதவீதத்தில் ஒப்பிட்டால் கணக்கு குறைத்துக் காட்டும், பழுக்கும்போது இலையின் எடையும் குறைவதால். கீழே விழுந்து மழையில் நனைந்த சருகைச் சேர்க்கவே கூடாது.

முதிர்ந்த இலை முதலில் வெளிறினால் தழைச்சத்துக் குறை. கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் உங்கள் 7.8 மண்ணில் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். அதற்கு யூரியா எவ்வளவு கொட்டினாலும் பச்சை வராது.